பீச்சாங்குழலும் பௌதிகமும்

பங்குனி பிறக்கும் வேளையில் காசி நகரத்துக் கடைவீதிகளில் ஒரு புதுச் சரக்கு வந்து குவிகிறது. நம் பல்கலைக்கழகத்தின் லங்கா வாயிலுக்கு வெளியே, தேநீர்க் கடைகளுக்கும் புத்தகக் கடைகளுக்கும் இடையே, பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் நீர்த்துப்பாக்கிகள் கயிற்றில் தொங்குகின்றன. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர் போன தட்டேரி பஜாருக்குச் சென்றால் பழைய முறைப் பித்தளைப் பிச்காரியையும் காணலாம். ஹோலி வருகிறது என்பதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. இவற்றைப் பார்த்தாலே போதும்.

வடநாட்டார் பிச்காரி என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் பீச்சாங்குழல் என்பர். நீர் விளையாட்டில் பயன்பட்ட இத்தகைய கருவிக்குப் பழந்தமிழில் சிவிறி என்று ஓர் அழகிய பெயரும் உண்டு. மணிமேகலையில் அச்சொல் வழங்குகிறது. ஆகவே இந்தக் கருவி நமக்குப் புதியதன்று. புதியது, அதன் வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்பதே.

விடுதியில் ஆண்டுதோறும் ஒரு வாதம் எழுகிறது. யாருடைய துப்பாக்கி நெடுந்தூரம் பீச்சும்? விலை உயர்ந்ததா, கை வலுத்தவன் பிடித்ததா, துளை சிறியதா, துளை பெரியதா? ஆளுக்கொரு கட்சி, ஆனால் அளந்து பார்த்தவர் எவருமிலர். இவ்வாண்டு நான் சாதாரணத் துப்பாக்கி ஒன்றை வாங்கி, பகுதி பகுதியாகத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் தூரத்தை அளந்தேன். வாங்கியபோது 5½ மீட்டர் பீச்சிய கருவி இறுதியில் 11½ மீட்டர் பீச்சியது. இதன் காரணங்களையும், இவ்வளவு போதும் என்று நான் நிறுத்திக்கொண்ட காரணத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழுத்தமும் உயரமும்

முதலில் ஓர் அளவை மனத்தில் கொள்வோம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலம் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. இதனை ஒரு வளியழுத்தம் எனக் கொள்வோம். சுமார் 10 மீட்டர் உயரமுள்ள நீர்க்கம்பம் தன் அடியில் தரும் அழுத்தமும் இதுவே.

இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் ஒரு விதியைக் கூறினார். ஒரு தொட்டியின் அடித்துளை வழியே பாயும் நீரின் வேகம், தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து விழும் பொருள் துளையின் மட்டத்தை அடையும்போது பெறும் வேகத்துக்குச் சமம் என்பதே அது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் விநாடிக்கு 14 மீட்டர் வேகம் பெறுகிறது. 20 மீட்டரிலிருந்து விழுவது ஏறத்தாழ 20 மீட்டர் வேகம் பெறுகிறது. ஆகவே துப்பாக்கியினுள்ளே வெளிக்காற்றை விட ஒரு வளியழுத்தம் மிகையாக இருந்தால் நீர் 14 மீட்டர் வேகத்திலும், இரண்டு மிகையாக இருந்தால் 20 மீட்டர் வேகத்திலும் வெளிப்பட வேண்டும். அழுத்தம் இருமடங்கானால் வேகம் இருமடங்காவதில்லை என்பதைக் கவனிக்க. வேகத்தை இருமடங்காக்க அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும்.

இதிலிருந்து வாய்பாடு ஏதுமின்றி நினைவில் கொள்ளத்தக்க ஒரு கணக்குக் கிடைக்கிறது. காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு வளியழுத்தத்தில் மேல்நோக்கிப் பீச்சிய நீர் 10 மீட்டர் உயரும். 45 பாகைச் சாய்வில் பீச்சினால் அதன் இருமடங்கு, அஃதாவது 20 மீட்டர் தூரம் செல்லும். இரண்டு வளியழுத்தத்தில் 40 மீட்டர் செல்லும். ஆனால் கடையில் வாங்கிய துப்பாக்கி 5½ மீட்டரோடு நின்றுவிடுகிறது. மீதித் தூரத்தைத் தின்றவர் யார்? அவரைத் தேடிப் பிடிப்பதே நம் வேலை.

கையால் தள்ளும் குழல்

பித்தளைப் பிச்காரியை எடுத்துக்கொள்வோம். அதன் குழலின் உள்விட்டம் 3 செண்டிமீட்டர் என்றால் உந்துதண்டின் முகப்பு சுமார் 7 சதுர செண்டிமீட்டர். அதை 15 கிலோ எடையளவு விசையோடு தள்ளினால் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டருக்கும் 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம் கிடைக்கும். அதே விசையை 2 செண்டிமீட்டர் விட்டமுள்ள குழலில் செலுத்தினால் முகப்பு 3 சதுர செண்டிமீட்டருக்குச் சற்று மேல். அழுத்தம் 5 கிலோவை நெருங்கும். ஒல்லியான குழல் ஓங்கி அடிப்பதன் இரகசியம் இதுதான். ஆனால் அதில் கொள்ளும் நீரும் பாதிக்கும் குறைவு. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

இன்னொரு தடையும் உண்டு. 3 செண்டிமீட்டர் குழலின் மூக்குத் துளை 3 மில்லிமீட்டர் என்றால் பரப்புகளின் விகிதம் நூற்றுக்கு ஒன்று. நீர் 20 மீட்டர் வேகத்தில் வெளிவர, கை விநாடிக்கு 20 செண்டிமீட்டர் நகர்ந்தால் போதும். துளையை 6 மில்லிமீட்டர் ஆக்கினாலோ கை விநாடிக்கு 80 செண்டிமீட்டர் நகர வேண்டும்; அதே விசையோடு நான்கு மடங்கு விரைவாகத் தள்ள வேண்டும். ஒரு முறை முடியும். பத்து முறை முடியாது. தடித்த நீர்த்தாரையை வேகமாக அனுப்பக் கையின் ஆற்றல் போதாது என்பதே இதன் பொருள்.

ஆற்றலைச் சேமித்து வைத்தல்

இத்தடைக்கு வழி கண்டவர் அமெரிக்கப் பொறியியலாளர் லானி ஜான்சன். 1982-இல் அவர் தம் வீட்டில், நீரைக் கொண்டு இயங்கும் ஒரு வெப்ப எக்கிக்கான சோதனையில் ஈடுபட்டிருந்தார். அதற்கென அமைத்த மூக்கிலிருந்து குளியலறைத் தொட்டிக்குள் பாய்ந்த நீர்த்தாரையின் வலிமையே அவருக்குப் பொம்மைத் துப்பாக்கி பற்றிய எண்ணத்தைத் தந்தது. 1986-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1990-இல் கடைக்கு வந்த அப்பொம்மை, 1991 முதல் சூப்பர் சோக்கர் என்ற பெயரால் உலகெங்கும் பரவிற்று. விண்வெளிக் கலங்களுக்காக உழைத்த பொறியியலாளர் ஒருவர் பிள்ளைகளின் பொம்மையால் புகழ் பெற்றது எண்ணி இன்புறத்தக்கது.

அவரது கருத்து எளிமையானது. கையால் மெல்ல மெல்லப் பல முறை காற்றை அடித்து ஒரு தொட்டியில் அடைத்து வைப்பது. பிறகு விசையை இழுத்ததும் அடைபட்ட காற்று முழு வலிமையோடு நீரைத் தள்ளுவது. அரை நிமிடம் உழைத்துச் சேர்த்த ஆற்றலை இரண்டு மூன்று விநாடிகளில் செலவழிக்கிறோம். உண்டியலில் காசு காசாகப் போட்டுத் திருநாளன்று உடைப்பதற்கு ஒப்பானது இது.

இன்று லங்காவில் கிடைக்கும் துப்பாக்கிகளுள் எக்கித் தண்டு உடையவை பெரும்பாலும் இவ்வகையினவே. நான் வாங்கியதும் இவ்வகையே.

எவ்வளவு நீர் நிரப்புவது?

தொட்டி நிறைய நீர் நிரப்பினால்தான் நல்லது என்று பலரும் கருதுகின்றனர். பாயில் என்பார் 1662-இல் வெளியிட்ட விதி இதற்கு விடை கூறும். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, அடைபட்ட காற்றின் கன அளவு இருமடங்கானால் அதன் முழு அழுத்தம் பாதியாகும். முழு அழுத்தம் என்பது வெளிக்காற்றின் ஒரு வளியழுத்தத்தையும் சேர்த்தது என்பதை மறக்கலாகாது.

தொட்டியின் கொள்ளளவு 1 லிட்டர் என்க. அதில் மூன்றில் இரண்டு பங்கு நீர் நிரப்பி, மிகை அழுத்தம் 2 வரும்வரை காற்று அடிக்கிறோம். முழு அழுத்தம் 3. நீரில் பாதி வெளியேறியதும் காற்றின் இடம் இருமடங்காகிறது. முழு அழுத்தம் 1½. மிகை அழுத்தம் அரைதான். கடைசித் துளி வெளியேறும் தறுவாயில் காற்றின் இடம் மூன்று மடங்கு. முழு அழுத்தம் 1. மிகை அழுத்தம் ஒன்றுமில்லை! இறுதி நீர் மூக்கிலிருந்து ஒழுகித்தான் விழும்.

இனி, பாதியளவே நீர் நிரப்பிப் பார்ப்போம். தொடக்கம் அதே 2. நீரில் பாதி போனதும் மிகை அழுத்தம் 1. முழுவதும் தீரும்போதும் அரை எஞ்சியிருக்கும். தாரை இறுதிவரை தாரையாகவே இருக்கும். ஆனால் இதற்கும் விலை உண்டு. என் துப்பாக்கியின் எக்கி ஒரு தடவைக்கு 47 கன செண்டிமீட்டர் காற்றைத் தள்ளுகிறது. மூன்றில் இரண்டு பங்கு நீர் உள்ளபோது 14 தடவை அடித்தால் கணக்குத் தீர்ந்தது. பாதி நீர் உள்ளபோது 21 தடவை அடிக்க வேண்டும். நீர் குறைய உழைப்பு மிகும். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பாதி நீரே தக்கதென்று கொண்டேன்.

அழுத்தம் தாழாதிருக்க வேறொரு வழியும் உண்டு. 1996-இல் வெளிவந்த சூப்பர் சோக்கர் வகை ஒன்றில் காற்றுக்குப் பதிலாகத் தடித்த இரப்பர்ப் பை வைத்தனர். பையினுள் நீரை ஏற்றினால் அது ஊதற்பை போல விரிகிறது. சுருங்கும்போது ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு நீரைத் தள்ளுகிறது. பொறியியல் மாணவர் முயன்று பார்க்கத்தக்கது இது.

திருத்தங்கள்

இனி நான் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும் என்பது முதல் விதி. மூன்றைச் சேர்த்து மாற்றினால் தூரம் கூடினாலும் எதனால் கூடியதென்று தெரியாது. ஒன்று கெடுத்ததை மற்றொன்று மறைத்தும் விடலாம்.

முதலாவது, தொட்டி. என் துப்பாக்கியின் தொட்டி திருகிக் கழற்றக் கூடியது. அதன் மரை 1 லிட்டர் சோடாப் புட்டியின் கழுத்தோடு பொருந்திற்று. ஆகவே மெல்லிய பொம்மைத் தொட்டியை நீக்கிச் சோடாப் புட்டியைப் பொருத்தினேன். இங்கே ஓர் எச்சரிக்கை. நுரை பொங்கும் பானங்களின் புட்டி பல வளியழுத்தங்களைத் தாங்குமாறு செய்யப்படுவது. குடிநீர்ப் புட்டி அவ்வாறன்று. கீறல் விழுந்ததையும் வெயிலில் கிடந்து நைந்ததையும் ஒதுக்குக. வீட்டுக் குழாய் வேலைக்குரிய வெள்ளை பி.வி.சி. குழாயில் காற்றை அடைக்கவே கூடாது. அது உடைந்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும். புட்டியைச் சோதிக்கும்போது முழுவதும் நீர் நிரப்பிச் சோதிக்க. நீர் அழுத்தத்தால் சுருங்குவதில்லையாதலின் அதில் சேமிப்பாகும் ஆற்றல் சிறிதே. புட்டி விரிசல் கண்டாலும் நீர் கசிவதோடு போகும். நான் 3 வளியழுத்தத்தில் சோதித்து, 2-இல் பயன்படுத்தினேன்.

இரண்டாவது, அழுத்தமானி. புட்டிக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழாயில் ஒரு டி இணைப்பை வைத்து, அதன் ஒரு கிளையில் மோட்டார் டயரின் வால்வைப் பொருத்தினேன். மெக்கானிக்குகள் பயன்படுத்தும் டயர் அழுத்தமானியை அதில் வைத்தால் உள்ளே உள்ள மிகை அழுத்தம் தெரியும். 30 பவுண்டு என்று காட்டினால் ஏறத்தாழ 2 வளியழுத்தம். இதனால் தூரம் ஒரு அங்குலமும் கூடாது. ஆனால் இதுவின்றி மற்றவை யாவும் குருட்டு வேலையே.

மூன்றாவது, எக்கியின் கசிவு. கணக்குப்படி 21 தடவைக்கு 2 வர வேண்டும், மானியோ 1.2 என்றே காட்டிற்று. அடித்த காற்றில் நல்ல பங்கு உந்துதண்டின் ஓரமாகத் திரும்பிவிட்டது. தளர்ந்த வாஷரை எடுத்துவிட்டுச் சரியான அளவுள்ள இரப்பர் வளையம் மாட்டினேன். ஆமணக்கெண்ணெய் ஒரு துளி இட்டேன். மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்களும் வாசலைனும் இயற்கை இரப்பரை உப்பச் செய்யும், அவை வேண்டா. இப்போது 23 தடவையில் மானி 2 காட்டிற்று. தூரம் 5½ மீட்டரிலிருந்து 7 மீட்டராயிற்று.

நான்காவது, மூக்கின் துளை. இங்கேதான் விடுதியில் பெருவாதம் எழுந்தது. துளை 2 மில்லிமீட்டர் இருந்தது. அதை 3½ ஆக்கப் போகிறேன் என்றேன். முதலாண்டுத் தம்பி ஒருவர், “அண்ணா, தோட்டத்தில் இரப்பர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால்தானே நீர் தூரம் போகிறது? துளையைப் பெரிதாக்கினால் பக்கத்திலேயே விழுந்துவிடாதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. “தம்பி, அந்தக் குழாயில் நீர் நெடுந்தூரம் உராய்ந்து வருவதால் அழுத்தம் வழியிலேயே செலவாகிவிடுகிறது. வாயை அடைத்தால் ஓட்டம் குறைகிறது, உராய்வும் குறைகிறது, அழுத்தம் விரல்வரை வந்து சேருகிறது. வழி அகலமாக இருந்தால் வாயை அடைக்க வேண்டிய தேவையே இல்லை” என்றேன். அவர் ஒப்பவில்லை. அளந்து பார்ப்பதென்று முடிவாயிற்று.

துளையை மட்டும் பெரிதாக்கினோம். தூரம் 7 மீட்டரிலிருந்து 7½ ஆயிற்று, அவ்வளவே. நீரோ இருமடங்குக்கும் மேற்பட்ட விரைவில் தீர்ந்தது. தம்பியின் கட்சி வென்றது போலத் தோன்றிற்று. ஆனால் கணக்கு வேறு கூறிற்று. உட்குழாயின் விட்டம் 4 மில்லிமீட்டர். நீளம் 20 செண்டிமீட்டர். 3½ மில்லிமீட்டர் துளைக்கு இது மிகக் குறுகலான வழி. அதில் உராய்வால் இழப்பாகும் அழுத்தத்தைக் கணக்கிட்டால், புட்டியில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி குழாயிலேயே போய்விடுகிறது. துளை 2 மில்லிமீட்டராக இருந்தபோது அதே குழாயில் பத்தில் ஒரு பங்கே இழப்பாயிற்று. குற்றம் துளையில் இல்லை; வழியில் இருந்தது.

ஐந்தாவது, உள்வழி. 4 மில்லிமீட்டர்க் குழாயை நீக்கி 8 மில்லிமீட்டர்க் குழாய் இட்டேன். பொம்மையின் குறுகிய விசைக்குப் பதிலாக, கால்வட்டம் திருப்பினால் முழுதும் திறக்கும் சிறு பித்தளைப் பந்து வால்வை வைத்தேன். வழியின் விட்டம் இருமடங்கானால் அதே நீரோட்டத்துக்கு அதனுள் வேகம் நான்கில் ஒன்றாகும்; உராய்வின் இழப்போ முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். தூரம் ஒரேயடியாக 10 மீட்டர் ஆயிற்று. வாதம் தீர்ந்தது. தம்பி சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டினார்.

ஆறாவது, மூக்கின் வடிவம். துளைக்கு முன்னே நீர் வரும் வழி கூம்பு வடிவில் படிப்படியாகக் குறுக வேண்டும். துளையின் விளிம்பில் பிசிறு கூடாது. பந்துமுனைப் பேனாவின் உலோகக் கூம்பை எடுத்து, துளை 3½ மில்லிமீட்டர் ஆகும் இடத்தில் அறுத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். கையால் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டும். சிறு பிசிறு கூட நீர்த்தாரையைக் கிழித்துவிடும்.

ஏழாவது, நீரை நேராக்குதல். வளைவுகளையும் வால்வையும் கடந்து வரும் நீர் சுழன்றுகொண்டே வருகிறது. அச்சுழற்சியோடு வெளிப்பட்டால் தாரை சிறிது தூரத்திலேயே குடைபோல விரிந்து சிதறும். ஆகவே மூக்குக்கு முன் 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டை அமைத்து, அதனுள் 6 மில்லிமீட்டர்க் குளிர்பானக் குழல்கள் ஏழை, நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக, 5 செண்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி நாடா சுற்றி அடைத்தேன். அவை முன்னே நழுவி மூக்கை அடைக்காதபடி சிறு கம்பிவலை ஒன்று. அவ்வளவுதான். தாரை கண்ணாடிக் கோல் போல ஒளிர்ந்து சென்றது. தூரம் 11½ மீட்டர்.

காற்றின் பங்கு

எல்லாம் செய்தும் 40 மீட்டர் கிட்டவில்லையே என்று கேட்கலாம். எஞ்சிய தூரத்தைத் தின்பது காற்று. ஒரு பிடி மணலை வீசினால் காலடியிலேயே விழுகிறது. அதே எடையுள்ள கல்லை வீசினால் மைதானத்தைத் தாண்டுகிறது. துளியின் விட்டம் இருமடங்கானால் காற்றை எதிர்க்கும் முகப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. ஆகவே பெரிய துளியும் தடித்த தாரையும் தடையை எளிதில் வெல்கின்றன. சிறு துளி உடனே வேகம் இழக்கிறது. வேகம் மிக மிகக் காற்றின் தடையும் மிகுந்து, தாரை விரைவில் உடைகிறது. அழுத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் தூரம் அதற்கேற்பக் கூடாமைக்குக் காரணம் இதுவே. காற்றின் தடையால் சிறந்த சாய்வும் 45 பாகையினின்று குறைகிறது. நான் கண்டவரை 35 பாகையே நல்லது.

அளக்கும் முறை

காற்று அடங்கிய வைகறையில் அளக்க. துப்பாக்கியை 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு முக்காலியில் வைத்துக் கட்டுக. உலர்ந்த தரையில் நீரின் பெரும்பகுதி விழுந்த இடமே கணக்கு; முன்னே தெறித்த ஒரு துளியை எண்ணி மகிழலாகாது. ஒவ்வொரு நிலையிலும் மூன்று தடவை அளந்து சராசரி காண்க.

தாரையின் வேகத்தைக் கருவி இன்றியே காணலாம். 2 விநாடி பீச்சி, தொட்டியில் எவ்வளவு நீர் குறைந்தது என்று பார்க்க. எனக்கு 280 மில்லிலிட்டர் குறைந்தது, விநாடிக்கு 140. இதனை 3½ மில்லிமீட்டர்த் துளையின் பரப்பால் வகுத்தால் விநாடிக்கு 14½ மீட்டர் வேகம் வருகிறது. அந்த இரண்டு விநாடியில் மிகை அழுத்தம் 2-இலிருந்து ஏறத்தாழ 0.9-க்கு இறங்குகிறது, சராசரிக்கு உரிய இலட்சிய வேகம் 16½ மீட்டரை ஒட்டி இருக்கும். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பங்கு கைக்கு வந்துவிட்டது. இனித் துப்பாக்கியின் உள்ளே தேடிப் பெறத்தக்கது மிகுதியாக இல்லை.

ஏன் நிறுத்தினேன்?

நிற்க. புட்டி 3 வளியழுத்தம் தாங்கிற்று; ஏன் அதில் பயன்படுத்தவில்லை என்று நண்பர் பலர் கேட்டனர். அவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டினேன்.

ஆரோக்கியமான மனிதக் கண்ணின் உள்ளழுத்தம், பாதரசக் கம்பத்தின் அளவில், 10 முதல் 21 மில்லிமீட்டர். ஒரு வளியழுத்தம் 760 மில்லிமீட்டர். 2 வளியழுத்தத்தில் புறப்பட்ட தாரை அருகிலேயே ஒரு பரப்பில் நேராக மோதினால் அங்கே கிட்டத்தட்ட அதே 2 வளியழுத்தம், அஃதாவது 1,500 மில்லிமீட்டர், உண்டாகும். கண் தன்னுள் தாங்கியிருப்பதைப் போல எழுபது மடங்கு! தாரையின் மொத்த விசை ஏறத்தாழ 390 கிராம் எடையே. ஆனால் அது பட்டாணியை விடச் சிறிய இடத்தில் விழுகிறது. உள்ளங்கையில் பட்டால் கூச்சம். விழியில் பட்டால் உள்ளே குருதி கசியலாம். விழித்திரை கிழியவும் கூடும். சென்ற ஆண்டு ஹோலியன்று எங்கள் விடுதி மாணவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலிருந்து வந்த தாரையைக் கண்ணில் ஏற்று, இரண்டு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். தேர்வு நெருங்கிய காலம்; பாடங்களை நண்பர்கள் படித்துக் காட்ட அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பார்வை திரும்பியது; திரும்பாமலும் போயிருக்கலாம். பீச்சியவரும் அவர் நண்பரே, பகை ஒன்றுமில்லை.

நான் செய்த திருத்தங்களும் குற்றமற்றவை அல்ல. தாரை கலையாமல் செல்லும்படி செய்தால் தூரம் கூடுகிறது. அதே காரணத்தால் அபாயமும் கூடத் தொடர்ந்து செல்கிறது. கடைத் துப்பாக்கியின் நீர் இரண்டு மூன்று மீட்டரில் தூறலாகிவிடும். திருத்திய துப்பாக்கியின் நீர் அங்கே இன்னும் கோலாகவே இருக்கும். வலிமையைப் பெருக்கியவன் அதன் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஆகவே எங்கள் விடுதியில் மூன்று விதிகள் செய்துகொண்டோம். மானி 2-ஐத் தாண்டலாகாது. திருத்திய துப்பாக்கியை மனிதர் மீதோ விலங்குகள் மீதோ திருப்பலாகாது. புட்டியில் காற்று இருக்கும்போது மூக்கினுள் எட்டிப் பார்க்கலாகாது. நண்பர்மேல் வண்ணம் தெளிக்கப் பழைய பிச்காரி போதும். அதுவும் மார்புக்குக் கீழே.

பிறகு இதன் பயன்தான் என்ன? பந்தயம் வைப்போம். 8 மீட்டர் தூரத்தில் வெறும் தகர டப்பாக்கள் ஆறு. ஒவ்வொருவருக்கும் அரை லிட்டர் நீர். அழுத்தம் 2. யார் அதிக டப்பாக்களைச் சாய்க்கிறாரோ அவர் வென்றவர். கை வலிமையும் காசு வலிமையும் இதில் செல்லா. துளையின் பிசிறைத் தேய்த்தவனும் உள்வழியை அகலமாக்கியவனுமே வெல்வான். செலவாகும் நீரும் வாளிக்கணக்கில் அன்று, குவளைக்கணக்கில். நம் சங்கத்தார் ஹோலிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இப்பந்தயத்தை நடத்தலாம் என்பது என் வேண்டுகோள். வடநாட்டு நண்பர்களையும் அழைப்போம்.

வகுப்பறையில் பாயிலின் விதியையும் டாரிசெல்லியின் விதியையும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெற்றோம். அவை ஒரு பொம்மையினுள்ளும் பிசகாமல் வேலை செய்கின்றன என்பதைக் கையால் தொட்டு அறிவது வேறோர் இன்பம். தம்பிமார்கள் தங்கள் துப்பாக்கிகளை அளந்து, துளையின் விட்டம், உள்வழியின் விட்டம், அழுத்தம், தூரம் ஆகிய நான்கையும் குறித்து நம் இதழுக்கு அனுப்பி வைக்க. என் அளவினின்று வேறுபட்டால் இன்னும் நன்று. எவ்விடத்தில் வேறுபடுகிறது என்று கூடியிருந்து ஆராய்வோம்.